அந்த இரண்டு பெண்மணிகளுக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் செய்துகொண்ட பெருந்தொற்று ஒப்பந்தம் உருவான கதையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஒரு வரியைத் தவிர. "பெண்களுக்கே உரிய பொறுமையோடு இரண்டு பெண்மணிகள் நாடுகளைச் சமாதானப்படுத்தினார்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அதே கட்டுரையில் ஆறு ஆண்களுக்குப் பெயர், பதவி, நாடு எல்லாம் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் பொறுமை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பிரெஷியஸ் மட்சோசோ, பிரான்சின் ஆன்-கிளேர் அம்ப்ரூ. உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் தன் நாட்டு சுகாதாரத் துறைக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர், இன்னொருவர் உலக சுகாதாரத்துக்கான பிரான்சின் தூதர். மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போன பேச்சுவார்த்தையைக் கடைசிக் கட்டத்தில் இணைத் தலைவர்களாக இருந்து முடித்துக் கொடுத்தவர்கள். கிருமி மாதிரியைக் கொடுக்கிற நாட்டுக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்பதில்தான் அங்கே பெரிய இழுபறி, அந்த விவரத்தைத் தனி இணைப்பாகப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த பிறகுதான் 2025 மே 20ல் ஜெனீவாவில் ஒப்பந்தம் நிறைவேறியது. முந்தின நாள் குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, 11 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெயர் பேரம், சார். காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு விலை பேசுகிற அம்மாவைப் பார்த்து 'என்ன பொறுமை!' என்று யாராவது சொல்வார்களா?

நான் 31 வருஷம் வடசென்னையில் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். ஒரு போலியோ முகாமின்போது எங்கள் பூத்தைப் பார்க்க வெளிநாட்டுக் குழு வந்தது. பூங்கொத்து கொடுக்க "லேடீஸ் ரெண்டு பேர் முன்னாடி வாங்க" என்றார்கள், கொடுத்தோம். அப்புறம் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். குழுவில் இருந்த ஓர் அம்மா என் கையில் இருந்த சொட்டு மருந்துக் குப்பியைக் காட்டி, லேபிளில் இருக்கிற அந்தக் கட்டம் எதற்கு என்று கேட்டார். விளக்க வந்திருந்த அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளே இருக்கிற கட்டம் சுற்றி இருக்கிற வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா கொடுக்கலாம் சார், சூடு பட்டு வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா தூக்கிப் போட்டுடணும்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அதையே ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். மறுநாள் பேப்பரில் 'அதிகாரி விளக்குகிறார்' என்று படம். குப்பியைப் பிடித்திருக்கிற கை மட்டும் என்னுடையது, வளையலை வைத்துத்தான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். எந்தப் பேப்பர் என்று நான் சொல்லப் போவதில்லை, உங்கள் பழைய கட்டுகளில் தேடினால் கிடைக்கும்.

அதை விடுங்கள், பழைய கதை. ஆனால் கதை மாறின மாதிரி தெரியவில்லையே. உலக சுகாதார நிறுவனமே 2019ல் ஓர் அறிக்கை போட்டது: சுகாதாரப் பணியில் 70 சதவீதம் பெண்கள், உயர் பதவிகளில் 25 சதவீதம். அந்த நிறுவனம் 1948ல் ஆரம்பித்தது, இதுவரை தலைமை இயக்குநரான பெண்கள் புருண்ட்லாண்ட், மார்கரெட் சான் என்று இரண்டே பேர். 1950லேயே அதன் உறுப்பு நாடுகள் கூடுகிற உலக சுகாதாரப் பேரவைக்கு நம் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் தலைவராக இருந்தார் என்பது இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் வருஷக்கணக்காக உழைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியான சௌமியா சுவாமிநாதனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நமக்கு முதலில் வாயில் வருவது இன்னாருடைய மகள் என்பதுதான். 2022ல் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா பணியாளர்களுக்கு அதே நிறுவனம் விருது அறிவித்தது, ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். அரசாங்கக் கணக்கில் அவர்கள் இன்னும் தன்னார்வலர்கள், கைக்கு வருவது ஊக்கத்தொகை. பொறுமைக்கு இவர்களைவிட நல்ல உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது.

மே 12 செவிலியர் தினத்துக்கு ஒவ்வொரு வருஷமும் கேக் வெட்டுகிற படம் போடுகிறீர்கள். கத்தி எப்போதும் சிறப்பு விருந்தினர் கையில். இது பற்றி இரண்டு முறை எழுதினேன், வெளிவரவில்லை. இடம் இருந்திருக்காது, புரிகிறது.

இப்போது கேட்பது சின்ன விஷயம். அடுத்த ஞாயிறு ஒரு மூலையில், ஜோதிடப் பகுதிக்குக் கீழேயாவது, திருத்தம் என்று போட்டு அந்த இரண்டு பேரின் பெயரையும் பதவியையும் அச்சிடுங்கள். எழுத்துக்கூட்டில் சந்தேகம் வரக் கூடாது என்றுதான் மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம், திருத்தம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார செவிலியர்,
வியாசர்பாடி, சென்னை.