சிகாகோவிலிருந்து பி.டி. சித்தப்பாவுக்கு

சிகாகோ,
நவம்பர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது தேவலையா? குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

"பையனைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு உண்டா, வெறும் படிப்புதானா?" என்று போனில் கேட்டீர்கள். விளையாட்டு உண்டாவா? சனிக்கிழமை ஆனால் தாத்தா, பேரன் எல்லோரும் மைதானத்தில்தான். பள்ளி சிகாகோ கத்தோலிக்க லீக்கில், அதாவது கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்குள் போட்டி நடத்தும் கூட்டமைப்பில், இருக்கிறது. 1912இல் தொடங்கிய லீக் அது. பி.டி. வாத்தியாரான உங்களுக்கு இதன் கதை பிடிக்கும்.

அப்போது இந்த ஊரில் ஐரிஷ்காரர், ஜெர்மன்காரர், போலந்துக்காரர் என்று ஒவ்வொரு கூட்டமும் தனித்தனிக் கோயில் கட்டி, பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் வைத்துக்கொண்டது. அரசுப் பள்ளிகளுக்கு வேறு லீக் இருந்தது. அதனால் நம் சேசு சபையார் நடத்திய செயின்ட் இக்னேஷியஸ், கிறிஸ்தவ சகோதரர்களின் டி லா சால், கார்மேல் சபையாரின் செயின்ட் சிரில், போலந்துப் பிள்ளைகள் படித்த செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் மாதிரியான பள்ளிகள் தங்களுக்குள் ஒரு லீக் அமைத்துக்கொண்டன. மற்ற நாளில் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகாத பையன்கள் இப்படித்தான் ஒரே மைதானத்துக்கு வந்தார்கள். கட்டிப்பிடித்து நண்பர்கள் ஆனார்கள் என்று நினைக்காதீர்கள், நன்றாக முட்டிக்கொண்டார்கள். செயின்ட் சிரில் 1924இல் மவுண்ட் கார்மேல் என்று பெயர் மாறியது. இன்றும் அதன் பெயரைச் சொன்னாலே மற்றப் பள்ளிக்காரர்களுக்கு முகம் சிவக்கும்.

ஆரம்ப காலத்து ஆட்டங்களில் இண்டோர் பேஸ்பாலும் ஒன்று, கூரைக்கு அடியில் ஆடும் பேஸ்பால். 1887இல் இதே சிகாகோவில் ஒரு படகுக் கிளப்புக்குள் பிறந்த ஆட்டம். பாக்சிங் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்தார்களாம். குளிரில் வெளியே ஆட முடியாத ஊருக்கு ஏற்ற ஆட்டம்தான். கூடைப்பந்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு: பெரிய பையன்களுக்கு ஹெவிவெயிட், சின்ன உருவத்துக்கு லைட்வெயிட் என இரண்டு அணிகள். நம் ஊர்க் கபடியில் எடை பார்த்துப் பிரிப்பது போலத்தான். ஒல்லிப் பையனையும் ஓரமாக உட்கார வைக்காத இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் ஊரையே திரட்டியது அமெரிக்க ஃபுட்பால்தான், நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். கத்தோலிக்க லீக்கில் ஜெயித்த அணியும் அரசுப் பள்ளி லீக்கில் ஜெயித்த அணியும் நகரப் பட்டத்துக்காக மோதும் ஆட்டத்துக்கு 'ப்ரெப் பவுல்' என்று பெயர். 1927இல் நடந்த முதல் ப்ரெப் பவுலில் மவுண்ட் கார்மேல் ஜெயித்தது. 1937இல் லியோ பள்ளிக்கும் அரசுப் பள்ளியான ஆஸ்டினுக்கும் நடந்த ஆட்டத்தைப் பார்க்க சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் சுமார் 1,20,000 பேர் கூடினார்களாம். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு, சித்தப்பா! பில் டிகோரவான்ட் என்ற ஆஸ்டின் பையனின் ஓட்டத்தைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருக்கும். ஆஸ்டின் 26-0 என்று லியோவை நொறுக்கிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் லியோவில் படித்தவர். அவர் அப்பா அன்று அரங்கில் இருந்தாராம். அந்த 26ஐ இப்போது சொன்னாலும் பெரியவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு மவுசு இருந்ததற்குக் காரணம் உண்டு. 1974 வரை இந்த லீக் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் சேரவில்லை. மாநிலப் பட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால் நகரப் பட்டம்தான் உச்சம். சேர்ந்த பிறகு நல்ல அணிகளின் கண் மாநிலப் பட்டத்தின் மேல் போய்விட்டது, ப்ரெப் பவுலின் பழைய கூட்டம் திரும்பவில்லை. சேர்ந்தது சரிதான் என்று பெரியவர் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஸ்டானிஸ்லாஸ் பள்ளி வெபர் என்று பெயர் மாறி, 1999இல் மூடியே போனது. பிள்ளைகள் குறைந்தால் பழைய பள்ளியாக இருந்து என்ன செய்ய.

பையன் இப்போதைக்கு நீளம் தாண்டுதல் என்கிறான். ஓடி வரும் தூரத்தை எப்படி அளந்து வைப்பது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். இங்கே கோச் சொன்னாலும், தாத்தா சொன்னால்தான் கேட்பான்.

சித்திக்கும் தம்பிகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்