முதுகுத் தண்ணியோடு ஓடிய அண்ணனுக்கு

அப்பா நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினார். காலையில் கண் விழித்ததும், "கடை திறந்தாச்சா?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் கேள்வி அது. தினமும் போன் செய்து விசாரிக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்ப ஒருமுறை எழுத எனக்குத் தெம்பு இல்லை. அப்பாவுக்கு மூளை லிம்போமா, மூளையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். அதற்கான மெதோட்ரெக்சேட் மருந்து முதல் சுற்று முடிந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிட்டது, சிறுநீரகம் தாங்கிக்கொண்டது என்று முந்தாநாள் சொன்னார்கள். இன்னும் பல சுற்று இருக்கிறது. ஆனால் என்ன நோய் என்று தெரிந்து, அதற்கான மருந்து ஏறுகிறது. அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள நாங்கள் பட்ட பாட்டுக்கு, அந்தப் பெயரே எங்களுக்கு ஒரு ஆறுதல்.

உதவியவர்கள் நிறைய. எல்லோரையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை ஆஸ்பத்திரியில் அப்பா இருக்கும் ஆறாவது மாடியில் அட்டெண்டராக வேலை பார்க்கும் அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

மதுரைக்கு வரும் முன் முதலில் பார்த்த ஆஸ்பத்திரியிலும் அப்பாவுக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மத்தியானம் எடுத்த அந்தக் குழாய் மறுநாள் காலைவரை வார்டு மேசையில் ஒரு டப்பாவுக்குள் இருந்ததை நானே பார்த்தேன். அது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்குள் வீக்கம் வற்ற ஸ்டீராய்டு மருந்தும் ஏற்றியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் செல் இல்லை' என்று வந்தது. அடுத்த ஸ்கேனில் மூளையில் இருந்த கட்டியும் சுருங்கியிருந்தது. கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். ஆறு வாரத்தில் அப்பா மறுபடி என் பெயரை மறந்தார்.

மதுரை டாக்டரம்மாதான் விளக்கினார். இந்த வகை லிம்போமா செல்களை ஸ்டீராய்டு சட்டென்று கரைத்துவிடும். ஸ்கேனில் கட்டி போய்விட்ட மாதிரி தெரியும், ஆனால் போயிருக்காது. அந்த நேரத்தில் நீர் எடுத்தாலும் சதை எடுத்தாலும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். அதனால் இந்தத் தடவை பரிசோதனை முடியும்வரை ஸ்டீராய்டு கிடையாது என்றார். அப்பா நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தார். வீக்கம் வற்ற அந்த ஊசியைப் போடுங்கள் என்று அம்மா கைகூப்பிக் கெஞ்சினார். "இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோங்கம்மா" என்று டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு நாள் நிலைமை மோசமாகிறதா என்று மணிக்கு ஒரு தரம் வந்து பார்த்தார். பொறுக்கச் சொல்லவும் துணிச்சல் வேண்டும். அதற்காக அவருக்கு என் வணக்கம்.

கட்டி இருந்தது மூளையின் ஆழத்தில். மண்டையில் துளை போட்டு ஊசி இறக்கிச் சதை எடுப்பதுதான் வழக்கமான வழி. அப்பாவுக்கு அதில் ஆபத்து அதிகம். முதுகுத் தண்டுவட நீரிலேயே செல் கிடைத்துவிட்டால் அந்தத் துளையைத் தவிர்க்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முதல் தடவை அகப்படாமல் அடுத்த தடவை அகப்படுவதும் உண்டு. நீர் கொஞ்சம் அதிகமாக வேண்டும், எடுத்த உடனே லேபுக்குப் போக வேண்டும். வெளியே வந்த நீரில் செல்கள் வெகு நேரம் தாங்காது.

முதுகில் தண்ணி எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பெரியம்மா பயந்தாரே, அவருக்காக ஒரு வார்த்தை. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர்வரை இந்த நீரைச் சுரக்கிறது, அப்பாவிடம் எடுத்தது சுமார் 10 மில்லிதான். மூளையில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டுதான் ஊசியையே எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் நான்கு மணி. அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடித்துக்கொண்டவர் அந்த அண்ணன்தான். "அண்ணாச்சி, பூனை மாதிரி சுருண்டுக்கோங்க" என்றார். மளிகைக்கடை அண்ணாச்சி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவராகவே அப்படிக் கூப்பிட்டார். அப்பா சுருண்டார். ஊசி முனையில் ஒவ்வொரு சொட்டாகத் திரண்டு குழாய்க்குள் விழுந்தது. நிறமே இல்லை, பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இதற்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கடைசிக் குழாய் நிறைவதற்குள் அண்ணன் இடது கையால் அப்பாவைப் பிடித்தபடியே வலது கையில் போனை எடுத்து, "அக்கா, கிளம்பிராதீங்க, முதுகுத் தண்ணி வருது" என்றார். நர்ஸ் வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டதும் குழாய்களை வாங்கி, பெயர்ச் சீட்டைச் சரிபார்த்து, பைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். பார்வை நேரம் என்பதால் லிப்ட் வாசலில் பெருங்கூட்டம். அவர் நிற்கவே இல்லை. ஆறு மாடியும் படி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. நான் பின்னாலேயே ஓடினேன், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. லேப் இருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம், பழைய கட்டடத்தில். பஸ்ஸுக்கு முன்னால் கையைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கடந்தார்.

லேபில் அந்த அக்கா ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கிப் பதிவேட்டில் நேரம் எழுதினார்: 4.38. ஊசி எடுத்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. ஹேண்ட்பேக்கைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, நீரைச் சுழற்றும் மெஷினைப் போட உட்கார்ந்தார். அவர் அன்று வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனாரோ தெரியாது.

திரும்பி வரும்போது அண்ணனிடம் கேட்டேன், ஏன் இப்படி ஓடினீர்கள் என்று. "ஒருநாள் லேப்ல மைக்ராஸ்கோப்புல என்னையப் பார்க்க விட்டாங்க பாப்பா. சீக்கிரம் வந்ததுல செல்லு உருண்டை உருண்டையா இருந்துச்சு. லேட்டா வந்ததுல எல்லாம் சிதைஞ்சு கிடந்துச்சு. அதுக்கப்புறம் இதைக் கையில வச்சுக்கிட்டு நடக்கக் கால் வரல" என்றார். பணம் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "அண்ணாச்சி எந்திரிச்சு உட்காராமப் பாரு, தலை வலிக்கும். போ" என்று விரட்டினார்.

மறுநாளே மைக்ராஸ்கோப்பில் பெரிய பெரிய செல்கள் தெரிந்தன. செல்களின் வகையைப் பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையில் அவை எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பெருகிய பி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) என்று வந்தது. மூளை லிம்போமா. அப்பாவின் மண்டையில் துளை போடவில்லை. அன்று ராத்திரியே ஸ்டீராய்டு ஏறியது. அதே வாரத்தில் சிகிச்சை தொடங்கியது.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். நகையை எங்களிடம் கேட்காமலேயே அடகு வைத்துப் பணம் அனுப்பிய மதினிக்கு, கடையைத் தன் கடை போலத் திறந்து மூடுகிற எதிர்க்கடை மாமாவுக்கு, அருப்புக்கோட்டையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கு, ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தம்பியின் கல்லூரி நண்பர்களுக்கு, இந்த நோய் கண்ணுக்குள்ளும் ஒளிந்திருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணைப் பரிசோதித்த டாக்டருக்கு, என் வகுப்புகளையும் சேர்த்து எடுக்கும் சக ஆசிரியைகளுக்கு. உங்களில் யாரையும் நான் மறக்க மாட்டேன்.

முதலில் பார்த்த இடத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதைத் தூக்கிச் சுமக்க விருப்பமில்லை. அங்கே போய் ஒன்றை மட்டும் கேட்கப் போகிறேன்: குழாயின் மேல் நீர் எடுத்த நேரத்தை எழுதுங்கள், எடுக்கும் முன் லேபுக்கு ஒரு போன் போடுங்கள். அப்புறம், நம் சொந்தத்திலோ தெருவிலோ யாருக்காவது இந்த ஊசி போடுகிறார்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள். ராத்திரியானாலும் வருகிறேன். குழாயை லேபில் ஒப்படைக்கும்வரை கூடவே இருக்கிறேன்.

இன்று காலை அண்ணன் படுக்கைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. யார் என்று நான் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டி, "உட்காருங்க" என்றார்.