பழைய நூலகக் கட்டடப் பாதுகாப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். பழைய நூலகக் கட்டடத்தில் இவ்வாண்டு நடந்த பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

கட்டட உரிமையாளர், உள்ளாட்சி அமைப்பு, பொறியியல் கல்லூரி, நமது சங்கம் ஆகிய நான்கு தரப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளன. பேச்சு நீண்டது நிதிப் பங்கீட்டில் அல்ல. வேலை முடிந்தபின் கூரை வடிகாலில் சேரும் சருகை யார் அள்ளுவது என்பதில்தான். திறப்பு விழாவுக்கு எல்லாத் தரப்பும் வந்துவிடும், அடுத்த மழைக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். எனவே மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கூரை, வடிகால், கைப்பிடிச் சுவர் ஆகியவற்றைப் பார்த்துத் துப்புரவு செய்வது சங்கத்தின் பொறுப்பு, பழுதுபார்க்கும் செலவு உரிமையாளருடையது என்று எழுதி வாங்கியுள்ளோம். சாவி யாரிடம் இருக்கும், தன்னார்வலருக்கு அடிபட்டால் காப்பீடு யாருடையது, படங்களும் பதிவுகளும் யாருக்குச் சொந்தம் என்பவையும் அதில் உள்ளன.

ஆண்டின் பெரும்பகுதி வடக்குச் சுவருக்கே போயிற்று. முந்தைய பழுதுபார்ப்பில் செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். சுவருக்குள் புகுந்த ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் செங்கல் வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது கூடவே வரும் உப்பு செங்கலின் முகப்புக்குள் படிகமாகி, அதை ஏடு ஏடாக உரித்துத் தள்ளுகிறது. சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய சாந்தில் சுண்ணாம்பும் மணலும் எந்த அளவில் உள்ளன என்று அறிய அதன் மாதிரியைக் கல்லூரி ஆய்வகம் சோதித்தது. உலர்த்தி எடைபோட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். எஞ்சும் மணலைக் கழுவி, உலர்த்தி, எடைபோட்டுச் சலிக்க வேண்டும். மணலில் கிளிஞ்சல் துகள் கலந்திருந்தால் அதுவும் கரைந்து சுண்ணாம்பின் அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே முதலில் லென்ஸில் பார்ப்பது கட்டாயம்.

புதிய சாந்தின் கலவை, கன அளவில் நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய சொரசொரப்பான மணல் மூன்று பங்கு. களி குறைந்தது 3 மாதம் தண்ணீருக்கடியில் ஊறியிருக்க வேண்டும். நீறாத துகள் மிஞ்சினால் சுவரில் போனபிறகு உப்பிப் பூச்சை வெடிக்க வைக்கும். நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாதவர் அருகில் நிற்கக்கூடாது.

சிமெண்டை உளியால்தான் எடுத்தோம். கிரைண்டர் வேகமானது, ஆனால் செங்கலின் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும், அந்தக் காயம் ஆறாது. இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டி, தூசு தட்டி, நனைத்து, சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமாவது காயவிடாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகுவதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென உலர்ந்தால் விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். தெற்கு மூலையில் ஓரிடம் இப்படி உதிர்ந்து, மறுபடி செய்யப்பட்டது. இவ்வேலை கொத்தனார்களுடையது, தன்னார்வலர்கள் மணல் சலிப்பது, சாக்கு நனைப்பது, படமெடுப்பது ஆகியவற்றோடு நிற்க வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

மாடிச் சுவரின் விரிசல் அசைகிறதா என்று பார்க்க அதன்மேல் கண்ணாடிச் சில்லுகள் ஒட்டப்பட்டுள்ளன. பருவத்துக்கேற்ப விரிசல் விரிந்து சுருங்குவதால், ஓராண்டு அளவீடு முடியும்வரை அதை அடைக்கப் போவதில்லை. சுவரில் முளைத்த மரக்கன்றைப் பிடுங்க வேண்டாம் என உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேரோடு செங்கலும் வந்துவிடும்.

பழைய புகைப்படங்கள் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யப்பட்டு, மூன்று பிரதிகளாக உள்ளன. ஒன்று வேறு கட்டடத்தில்.

முகப்பில் இடிந்துபோன அலங்கார வளைவைத் திரும்பக் கட்டக் கோரிக்கை வந்துள்ளது. அதன் தெளிவான படம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்கிறது பழைய கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 9-ஆம் பிரிவு. ஆகவே படம் கிடைக்கும்வரை அதை ஒத்திவைத்து, அந்த நிதியைக் கூரை வடிகாலுக்குத் திருப்ப ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்