பிடியரிசிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

கர்த்தருக்குள் அன்பான சேகரகுரு அவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபையின் பிடியரிசிச் சங்க நிர்வாகக் குழு இவ்வாண்டில் ஆறு முறை கூட்டப்பட்டது. அதில் இரண்டு முறை, கூட்டம் நடத்தத் தேவையான அளவுக்கு ஆள் வராததால், கோரம் சேரவில்லை. விதவைகள் உதவி மாதந்தோறும் தவறாமல் வழங்கப்பட்டது. மிஷனெரி ஒருவரைத் தாங்குவதற்கான பணம் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பப்பட்டது. சபையார் கூடி உண்ணும் அசன விருந்துக்கு அரிசி கொடுத்தோம். கிறிஸ்துமஸ் சேலை வழங்கும் நிகழ்ச்சி சேகரகுரு அவர்கள் தலைமையில் நடந்தது.

வீடுகளில் பிடியரிசி சேர்த்துவைக்கக் கொடுக்கும் டின்கள் வாங்கியதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கமிட்டித் தீர்மானம் இல்லாமல் செயலாளர் தன்னிச்சையாக அறுபது டின்கள் வாங்கிவிட்டார் என்று ஆலய வாசலில் பேசப்பட்டது. தீர்மானம் இல்லை என்பது உண்மை. தீர்மானம் போடுவதற்காகக் கூட்டிய கூட்டத்துக்குத்தான் கோரம் சேரவில்லை என்பதும் உண்மை.

நம் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவந்த வழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830இல் தரும சங்கத்தை ஏற்படுத்தியபோதும், 1903இல், பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் நம்மவர் பணத்தில், நம்மவர் ஆட்களைக் கொண்டே இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கி, பிறகு தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பியபோதும், கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கையில் காசு புரளாத பனையேறிகளும் கூலிக்காரர்களுமே. மிசோரம் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை இன்றளவும் அங்கே நடந்துவருகிறது. நம்மிடம் மட்டும் சங்கத்தின் பெயரில் அரிசி இருந்தது, வீட்டுக் கலயத்தில் இல்லை. அதனால்தான் டின்.

“மாதம் நூறு ரூபாயாகத் தந்துவிடுகிறோமே, எதற்கு இந்த அரிசி வேலை?” என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் ஒரு கைப்பிடியை வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாளொன்றுக்கு ஒரு பிடி என்றாலும் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். விலை போட்டால் நூறு ரூபாய்கூடத் தேறாது. ஆனால் நூறு ரூபாயை மாதம் ஒருமுறை நினைத்தால் போதும், அதையும் சந்தாப் புத்தகத்தோடு நான் வீடு தேடி வந்தால்தான் நினைக்கிறோம். பிடியரிசியையோ ஒவ்வொரு நாளும் உலை கொதிக்கும்போது நினைத்தாக வேண்டும். சொன்னபடி நூறு ரூபாயைத் தந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொருளாளர் அறிவார்.

அரிசியில் சிரமம் இல்லாமல் இல்லை. ரேஷன் அரிசியும் புழுங்கலும் பச்சரிசியும் கலந்து வந்தால் ஒன்று குழையும், இன்னொன்று வேகாது. முதல் மூன்று மாதம் இதை நான் யோசிக்கவில்லை. அந்த அரிசியைக் கோழித்தீவனத்துக்குக் குறைந்த விலையில் கொடுக்க நேர்ந்தது. அது என் தவறே. பிறகு கலந்த அரிசியைக் கழுவிக் காயவைத்து, கஞ்சிக்கு உடைத்து, படுக்கையில் இருக்கும் முதியோர் வீடுகளுக்கு அனுப்பினோம்.

ஆகஸ்டில் டின்களைத் திரும்ப வாங்கியபோது பாதிக்குமேல் வெறுமையாக வந்தன. ஒரு டின்னில் வண்டு விழுந்த பழைய அரிசியும் மருந்துக்கடை ரசீது ஒன்றும் இருந்தன. இன்னொன்றின் மூடியில் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயார் மாத்திரம் மாதந்தவறாமல் கழுத்துமட்டும் நிறைத்துக் கொண்டுவந்து வைக்கிறார். அவர் டின்னில் மேலே வெள்ளையாகவும், நடுவில் பழுப்பாகவும், அடியில் குருணையாகவும் அரிசி படிந்திருக்கும். அந்தந்த வாரம் வீட்டில் எது வெந்ததோ அதில் ஒரு பிடி. பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற வசனத்தை நமக்குள் அவர்தான் கைக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரங்களைத் தாண்டிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பணம் ஆலயத்துக்குத்தான் வந்தது, குறை சொல்லவில்லை. ஏலம் கூறியவர், எடுத்தவரின் பெயரை மைக்கில் மூன்று முறை சொன்னார், நாமும் கைதட்டினோம். அன்று உற்சாகமாய்க் கேட்டவர்களில் சிலருடைய சங்கச் சந்தா இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் தாராளமாய்க் கொடுத்தார்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, வசதியுள்ள கொரிந்து சபையார் வாக்களித்த காணிக்கையை ஒரு வருஷமாக முடிக்காமல் வைத்திருந்தார்கள். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நம் சந்தாப் புத்தகம் என் நினைவுக்கு வருகிறது. நிலுவைப் பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று சேகரகுரு அவர்கள் சொல்லிவிட்டார்கள். பட்டியல் என் பையில் இருக்கிறது.

வரவு செலவு விவரம் தனித்தாளில் உள்ளது. செலவு வரவைச் சற்றே மிஞ்சியது. முன்னாண்டுக் கையிருப்பிலிருந்து ஈடுகட்டினோம். டின்கள் வாங்கிய தொகை “இதர செலவு” என்ற தலைப்பில் காட்டப்பட்டுள்ளது. தணிக்கையாளர் கேட்ட இரண்டு ரசீதுகளும் கிடைத்துவிட்டன.

சேகரகுரு அவர்களுக்கும், பொருளாளருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், சாக்குகளைச் சுமந்த வாலிபர்களுக்கும், சனிக்கிழமைதோறும் அறையைத் திறந்துகொடுத்த ஆலயப் பணியாளர் கோயில்பிள்ளைக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சியோடு சாவியை ஒப்படைப்பேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. விதவைகள் உதவியில் புதிதாக இரண்டு பேர் மனுக் கொடுத்துள்ளார்கள். இப்போதுள்ள வரவில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். எவருக்கு இல்லை என்று சொல்வது என்பதைக் கமிட்டி அடுத்த மாதம் முடிவு செய்யும்.

டின்கள் இன்று ஆராதனை முடிந்ததும் வடக்கு வாசல் மேசையில் இருக்கும். மூடி சற்று இறுக்கம்; கரண்டிக் காம்பால் நெம்பினால் திறந்துவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்