மீன் தொட்டி வாங்கும் முன் டேப்பைக் கையில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு அலங்காரப் பக்கங்களில் மீன் தொட்டிப் படங்கள் அடிக்கடி வருகின்றன. சுவரின் நிறத்துக்கும் சோபாவின் நிறத்துக்கும் தொட்டி அழகாகப் பொருந்தியிருக்கும். அது எத்தனை லிட்டர், எடை என்ன, அந்த இடத்தில் அதை எப்படிக் கழுவுவது என்ற விவரம் மட்டும் இருக்காது. படத்தைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய், கண்ணுக்குப் பிடித்ததை ஆட்டோவில் ஏற்றி வருபவர்கள் ஏராளம். சில மாதங்களில் மீன்கள் செத்து, தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. அவர்களிடம் அக்கறை இல்லாமல் இல்லை. தொட்டியின் அளவு அறைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அளவு எப்படிப் பார்ப்பது என்பதை உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

கடையில் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். ‘ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு’ என்றால் 57 லிட்டர். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லிட்டர். நீளம் இரண்டு மடங்கானதும் தண்ணீர் நாலரை மடங்காகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்கு இது புரிகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்த நாலடித் தொட்டியை விளிம்புக்கு ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பி, ஒன்றரை அங்குலத்துக்குக் கல் பரப்பினால் தண்ணீர் 220 கிலோ, கல் 34 கிலோ, 10 மி.மீ. கண்ணாடி 52 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்தால் 350 கிலோவைத் தொடும். இத்தனையும் 6 சதுர அடியில் நிற்கிறது. குடியிருப்பு அறைத் தளத்துக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை (ஆட்களும் பொருட்களும் சேர்ந்த சுமை), சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ அளவு. தொட்டி நிற்கும் இடத்தில் மட்டும் அதைப்போல மூன்று மடங்கு இறங்குகிறது. கான்கிரீட் தளம் சுமையைப் பரப்பிக்கொள்ளும் என்பதால் உடனே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் மாடி வீட்டில் இவ்வளவு பெரிய தொட்டியை அறையின் நடுவில் வைக்காதீர்கள். கீழே பீம் அல்லது சுமை தாங்கும் சுவர் போகும் பக்கமாக, சுவரை ஒட்டி வையுங்கள். நாலடிக்கு மேல் போனால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியில் மூன்றடித் தொட்டிக்குக்கூட அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலரும் நீளத்தையும் உயரத்தையும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் பொருள், நேர் எதிரே நின்று பார்த்தால், உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோல் தெரியும். 12 அங்குல அகலத் தொட்டியின் பின்சுவர் 9 அங்குலத்தில் நிற்பதாகத் தோன்றும். செடியும் கல்லும் வைத்தால் ஷோகேஸில் பொம்மை அடுக்கியது மாதிரிதான் இருக்கும். 18 அங்குல அகலத்தில் அது பதின்மூன்றரை அங்குலமாகத் தெரியும். அப்போதுதான் உள்ளே ஒரு ஆழம் கிடைக்கிறது. அழகு மட்டுமல்ல. மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். மே மாதத்தில் 32 டிகிரிக்குப் போனால் 7.3 தான். கரண்ட் போய் ஏர் பம்பும் நின்றுவிட்டால், அகலமான தொட்டியில் உள்ள மீன் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடுதல். கழுத்து வரை நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மேற்பரப்பு ஒரு கையகலம்கூட இருப்பதில்லை. அதில் கோல்டு ஃபிஷ் விடுவது மீனுக்குச் செய்யும் கொடுமை.

உயரத்துக்கு அளவுகோல் உங்கள் கைதான். இரண்டரை அடி ஸ்டாண்டில் இரண்டடி உயரத் தொட்டியை வைத்தால் மேல் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடி. 5 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவரின் தோளே நாலேகால் அடியில்தான் இருக்கும். அடியில் சாய்ந்த செடியை நிமிர்த்தவோ, மூலைக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டவோ ஒவ்வொரு முறையும் ஸ்டூல் போட வேண்டும். முதல் மாதம் போடுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு 15 முதல் 18 அங்குல உயரம் போதும். தொட்டிக்கு மேலே லாஃப்ட் அல்லது அலமாரித் தட்டு இருந்தால், நடுவில் ஒன்றரை அடியாவது கை புக இடம் விடுங்கள். பக்கவாட்டில் அரை அடி, பின்னால் ஃபில்டரும் வயரும் போக 4 அங்குலம். சுவரில் இருக்கும் இடத்தில் இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தொட்டிக்கு உள்ள இடம்.

தொட்டியின் அளவை முடிவு செய்வதில் தண்ணீர்க் கணக்கும் அடக்கம். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசியில் சேரும் நைட்ரேட்டை வெளியேற்ற எளிய வழி தண்ணீர் மாற்றுவதுதான். 57 லிட்டருக்கு ஒரு வாளி போதும். நாலடித் தொட்டிக்கு நாலு வாளி எடுத்து, நாலு வாளி ஊற்ற வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்பில், கோடையில் இது நடக்குமா என்று வீட்டில் தண்ணீர் சுமப்பவரைக் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். குளியலறையிலிருந்து ஹோஸ் எட்டும் தூரத்தில் தொட்டி இருந்தால் பாதி வேலை குறையும்.

அதற்காகச் சின்னதாக வாங்கினால் சுலபம் என்று எண்ண வேண்டாம். 15 லிட்டரில் அழுக்கு வேகமாக ஏறும், வெப்பமும் வேகமாக மாறும். ஏசி போடும் படுக்கையறையில் இரவு குளிர்ந்து பகலில் சூடாகும் சின்னத் தொட்டியில்தான் வெள்ளைப்புள்ளி நோய் அதிகம் வருகிறது. படுக்கையறையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஏசிக் காற்று நேராகப் படாத சுவரில், 50 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு ஸ்பாஞ்ச் துண்டின் மேல் வைத்தால் சத்தம் குறையும். கரண்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்காது.

வாஸ்து பார்த்து ஈசானிய மூலையில் வைப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மூலையில் கிழக்கு ஜன்னல் இருந்தால் காலை வெயில் கண்ணாடியில் விழும், பத்தே நாளில் பாசி பச்சையாகப் படியும். திரை போடுங்கள், அல்லது அதே வடக்குச் சுவரில் மூன்றடி தள்ளி வையுங்கள்.

10-க்கு 12 அடி ஹாலுக்கு என்ன அளவு என்று கேட்டால், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்பேன். கண்ணாடி 8 மி.மீ. எல்லாம் சேர்த்து 210 முதல் 220 கிலோ. வாரத்துக்கு இரண்டு வாளிக்குச் சற்று மேல். ஆறடி தள்ளி உட்கார்ந்தால் முழுத் தொட்டியும் கண்ணில் நிற்கும். ஒரு ஜோடி கௌராமி, பத்துப் பன்னிரண்டு டெட்ரா தாராளமாக வாழும். இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் விடலாம், தனியாக. ஆஸ்கார் என்ற மீன் ஒரு அடி வளரும். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் அதற்கு மேலும் வளரும். இடம் போதாமல் அதை ஏரியில் கொண்டு விட்டதன் விளைவை நம் நீர்நிலைகளில் இப்போது மீனவர்கள் வலையில் பார்க்கிறார்கள். மூன்றடித் தொட்டிக்கு இரண்டுமே வேண்டாம்.

வைக்கும்போது ஸ்டாண்டின் மேல் அரை அங்குல தெர்மகோல் விரித்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கால் பங்கு தண்ணீர் ஊற்றி நிறுத்தி, நாலு மூலையிலும் நீர்மட்டத்தை ஸ்கேலால் அளந்த பிறகு மீதியை நிரப்புங்கள். ஒரு மூலை தாழ்ந்தால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு, சிலிக்கோன் ஒட்டு அந்த இடத்தில் விட்டுவிடும். பார்ட்டிக்கிள் போர்டு டிவி ஸ்டாண்டு இந்த வேலைக்கு ஆகாது. ஈரம் பட்டால் ஊதிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. பழைய செய்தித்தாளைத் தொட்டியின் அடிப்பரப்பு அளவுக்கு ஒட்டி, அதை வைக்கப்போகும் இடத்தில் தரையில் நாலு நாள் விரித்து வையுங்கள். கதவு இடிக்கிறதா, ஓடுகிற குழந்தை அதை மிதிக்கிறதா, மாலை வெயில் அதன்மேல் விழுகிறதா, எல்லாம் தெரிந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியின் மேல் விலையோடு லிட்டரையும், நிரப்பிய எடையையும் எழுதி ஒட்டுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் அது முழுதாக வளரும்போது எத்தனை அங்குலம் என்பதை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அலங்காரப் பக்கத்தில் அடுத்த முறை மீன் தொட்டிப் படம் வரும்போது, படத்தின் கீழே இந்த மூன்று எண்களையும் தாங்கள் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பில் அக்கறையுள்ள வாசகர்,
சென்னை.