செயலாளர் அக்காவுக்கு: 100 கன்று வேண்டாம், 24 போதும்

அன்புள்ள அக்கா,

தெருமுனைப் பூங்கா இடத்தில் ஜூன் 5 அன்று 100 மரக்கன்றுகள் நடுவதாக நலச்சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்தோம். குப்பைமேடாகக் கிடந்த இடத்துக்காக இத்தனை வீடுகளைச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாதென்றுதான் நாளையும் எண்ணிக்கையையும் மாற்றச் சொல்கிறோம்.

சென்னையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூனில் நட்டால் முதல் நாளிலிருந்தே கன்று குடத்தை நம்பித்தான் நிற்கும். செப்டம்பர் கடைசியில் நட்டால் மூன்று மாத மழையில் வேர் பிடித்துவிடும். அப்புறம் வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன. அப்போது ஒரு கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம், அதாவது சுமார் 15 லிட்டர் வேண்டும். 100 கன்றுக்கு 1,500 லிட்டர். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் அது நடக்காத காரியம். தண்ணீர் ஊற்றுவதாக 24 வீடுகள் சொன்னால் 24 கன்றுதான் நட வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்று பிரித்தும் விட்டுவிடாதீர்கள். மே மாத லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார்கள். தாகம் அதிகமான மாதமும் அதுதான். இரண்டு வீட்டுக்கு இரண்டு கன்று என்று ஜோடி சேர்த்தால் ஒருவர் இல்லாதபோது மற்றவர் பார்த்துக்கொள்வார்.

அரிசி களைந்த நீரும் ஏசியில் சொட்டும் நீரும் நல்லவை. ஆர்ஓ கழிவுநீரில் உப்பு அதிகம். ஒரே குழியில் தினமும் ஊற்றக் கூடாது. கன்றின் அருகே ஒரு மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டுப் பருத்தித் திரி செருகினால் நீர் மெல்லக் கசியும். பானையின் வாயைத் துணியால் கட்டுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

ஆகஸ்டிலேயே குழி எடுத்துவிடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். அந்த இடத்தில் கட்டடக் கழிவு கொட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் கலந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எட்டாது, இலை மஞ்சளாகிவிடும். ஆகவே அந்த மண்ணை அப்புறப்படுத்தி, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்ப வேண்டும். கரையானுக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு போதும். நிரப்புவதற்கு முன் குழியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மறுநாளும் வற்றாமல் நின்றால் அங்கே வேம்பு அழுகிவிடும். பூவரசும் நீர்மருதும் தாங்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது தெருத்தெருவாகச் சாய்ந்தவற்றில் குல்மோகரும் பெருங்கொன்றையும் நிறைய. புங்கை, மகிழம், பூவரசு, நாவல், வேம்பு என்று கலந்து, பெரியவற்றுக்கு 20 அடியும் சிறியவற்றுக்கு 12 அடியும் இடைவெளி விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே பவழமல்லி, மந்தாரை போன்ற சிறுமரங்கள். சுற்றுச்சுவர் ஓரம் அரசும் ஆலும் வேண்டவே வேண்டாம். நர்சரியில் சீக்கிரம் வளரும் என்று சொல்லி கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்கே தடை போட்டது.

நடும்போது பிளாஸ்டிக் பையைக் கிழித்து முழுதாக எடுத்துவிட வேண்டும். கூட்டமாக நடும் விழாக்களில் இதுதான் மறந்துபோகிறது. வேர் பைக்குள்ளேயே சுருண்டு, இரண்டு வருஷம் கழித்துக் காற்றில் மரம் சாய்ந்த பிறகுதான் தெரியவரும். பையில் மண் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைத்தால் தண்டு அழுகும். மூங்கில் குச்சியோடு கட்ட நைலான் கயிறோ கம்பியோ வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். பழைய வேட்டித் துணியை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காய்ந்த இலைச்சருகை மூன்று அங்குலம் பரப்பி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள்.

இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குத் தர வேண்டும். நம் நிலமும் அப்படி வந்ததுதான், ஆகவே உரிமை உள்ளாட்சியுடையது. எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். அப்போதே மழைநீர்க் கால்வாயும் கேபிளும் எந்தப் பக்கம் போகின்றன என்று பொறியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு கைக்கு வந்த பிறகு குழிக்கு அடையாளம் போடலாம். கடப்பாரையும் மண்வெட்டியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
பக்கத்துத் தெருக்காரர்கள்