சி டிரைவ் இருக்கட்டும், ஜி டிரைவைச் சொல்

அன்புள்ள மகாராணிக்கு,

உன் மெசேஜுக்கு 'பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஆளைக் காணோம் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போனில் தட்டிச் சொல்லித் தீருகிற விஷயமாக இல்லை, அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பரீட்சையை முடித்துவிட்டான், சின்னது வழக்கம்போல. டப்பா டீச்சர் யோகா வகுப்பு எடுக்கிறாளாம். குனிந்து சாக்பீஸ் எடுக்கச் சோம்பல்பட்டவள்!

நீ கேட்டது ஒரே வரி. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, டி-யில் இடம் சும்மா கிடக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-யில் சேர்க்க முடியாதா? முடியும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நாத்தனார் வீட்டுக் கதையைக் கேள், ஏனென்றால் அதற்குப் பிறகு எனக்கு உன் சி-யைப் பற்றிக் கவலையே போய்விட்டது. மற்ற நான்கைப் பற்றித்தான் கவலை.

நாத்தனார் மகனின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மெதுவாகி, அடம்பிடித்து, அப்புறம் போகவில்லை. ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் உள்ளே டிக், டிக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். அப்புறம் கருப்புத் திரையில், பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி. பையன் அசரவில்லை. "போட்டோவெல்லாம் இ-யில் இருக்கு அத்தை, எஃப்-லயும் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன்" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு எப்படிச் சொல்வது? இ, எஃப் இரண்டும் அந்த டிக் டிக் பெட்டிக்குள்தானே இருக்கிறது!

மீட்டுத் தருகிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். டேட்டா எழுதியிருக்கும் தட்டிலேயே கீறல் விழுந்திருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாத்தனார் இன்னும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். உன் கம்ப்யூட்டரில் அண்ணன் ஆசையாகப் பிரித்து வைத்த ஐந்து டிரைவ் இருக்கிறது. சி-யில் விண்டோஸ், டி-யில் 'பாட்டு', இ-யில் 'படம்', எஃப்-ல் 'பத்திரம்', ஜி-யில் 'பத்திரம் 2'. பெயர் வைத்ததைக் குறை சொல்லமாட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீயே சொல், உள்ளே எத்தனை டிஸ்க்? ஒன்று. ஒரு டிபி என்று வாங்கி, விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டியபோது கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நீ சண்டைக்குக் கிளம்பினாயே, அதே ஒன்று. (டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அந்த மனிதர் இன்றைக்கும் உன்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்.)

உன் அப்பா பேசிய கேசட்டுகளை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எம்பி3 ஆக்கினோமே, அது எங்கே இருக்கிறது? 'பத்திரம்', 'பத்திரம் 2'. இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன் என்று நீ பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. கேசட்டில் அப்போதே பூசணம் பிடித்திருந்தது, இன்றைக்கு அது ஓடாது. அப்படியென்றால் அப்பாவின் குரல் உலகத்தில் இருப்பது ஒரே ஒரு இடத்தில். இந்த வரியை எழுதும்போது எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

இப்படிப் பிரித்த டிரைவுக்குத்தான் பார்ட்டிஷன் என்று பெயர். அது என்ன என்று அண்ணன் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். டிஸ்க்கை வெட்டி ஐந்து துண்டாக்குவதெல்லாம் கிடையாது. டிஸ்க் முழுக்க செக்டர் என்ற சின்னச் சின்னக் கட்டங்கள்தான், முதல் செக்டரில் 512 பைட் இருக்கிறது. பழைய எம்பிஆர் முறையில் அதற்குள் வெறும் 64 பைட்தான் பார்ட்டிஷன் பட்டியல்: ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு வரி. இந்த வகை, இந்த செக்டரில் ஆரம்பம், இத்தனை செக்டர் நீளம், அவ்வளவுதான். நாலுக்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வரியை எக்ஸ்டெண்டட் என்று ஒதுக்கி, அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களைச் சங்கிலியாகக் கோர்ப்பார்கள். அண்ணன் பெருமையாகக் கட்டி வைத்த அந்தக் கோட்டையின் அஸ்திவாரம் ஒரு எஸ்எம்எஸ்ஸில் பாதி நீளம்கூட இல்லை, மகாராணி. புதிய கம்ப்யூட்டர்களில் ஜிபிடி என்று வேறு முறை. வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் இருக்கும், பட்டியலின் இன்னொரு நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், பட்டியல் கெட்டுப்போனால் தெரிந்துகொள்ள ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. அதைவிட முக்கியம், எம்பிஆருக்கு இரண்டு டிபி சொச்சத்துக்கு மேல் கணக்கே தெரியாது, ஜிபிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டிலுமே அது பட்டியல்தான். உன் ஃபைலைக் காப்பாற்றுகிற வேலை அதனுடையது இல்லை.

உனக்கு நேரிலேயே தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. இ-யில் இருக்கும் பெரிய வீடியோவை இ-க்குள்ளேயே வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் கண்ணிமைக்கும் நேரம். எஃப்-க்கு மாற்றினால் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், நீ சமையலை முடித்துவிட்டு வரலாம். ஒரே டிஸ்க்குதானே, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாய், நான் அப்போது பதில் சொல்லவில்லை. இ-க்குள் மாற்றும்போது ஃபைல் நகர்வதே இல்லை, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. எஃப்-க்குப் போவதென்றால் ஒவ்வொரு பைட்டையும் படித்து வேறு இடத்தில் எழுதி, பிறகு பழையதை அழிக்க வேண்டும். படிப்பதும் எழுதுவதும் அதே தலைதான். உள்ளே எத்தனை தட்டு இருந்தாலும் கைகள் எல்லாம் ஒரே அச்சில் கோர்த்தவை, ஒன்றாகத்தான் அசையும். இ-க்குப் போ, எஃப்-க்கு வா, திரும்ப இ-க்குப் போ என்று அது அலைகிற நேரம்தான் நீ சமைத்து முடிக்கிற நேரம். தட்டுக்கும் தலைக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. ஒருநாள் தலை தட்டில் உரசிவிட்டால் அது பாட்டு, படம், பத்திரம் என்று லேபிள் பார்த்தா உரசப்போகிறது?

சரி, அண்ணனையும் முழுக்கத் திட்டக்கூடாது. நாம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட காலத்தில் பிரித்து வைப்பதற்குக் காரணம் இருந்தது. அப்போது ஃபைல்களை அடுக்கி வைத்த ஃபேட்16 என்ற முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது. அந்த அளவில் ஒவ்வொரு கிளஸ்டரும், அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்குகிற மிகச் சின்ன இடமும், 32 கேபி. ஒரு கேபி கடிதத்தைச் சேமித்தாலும் 32 கேபியை விழுங்கிவிடும். சின்னச் சின்னதாகப் பிரித்தால் கிளஸ்டரும் சின்னதாகும், வீணாவதும் குறையும். 1996-ல் ஃபேட்32 வந்த பிறகு அந்தக் காரணம் தேய்ந்துவிட்டது. அப்புறம் மாதம் தவறாமல் விண்டோஸ் படுத்துக்கொள்ளும், சி-யை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு டி-யைத் தொடாமல் விடலாம். இந்தக் காரணம் இன்றைக்கும் ஓரளவு செல்லும், அதனால் இரண்டு பார்ட்டிஷன் என்றால் நான் வாயே திறக்கமாட்டேன். ஐந்து? ஒவ்வொன்றிலும் 18 ஜிபி மிச்சம், மொத்தம் 90 ஜிபி காலி, ஆனால் 30 ஜிபி கல்யாண வீடியோ வைக்க எதிலும் இடமில்லை என்று அழுதது யார்? பாட்டு, படம் என்று பிரிக்க ஃபோல்டர் போதும். ஃபோல்டர் தானாக வளரும், பார்ட்டிஷன் வளராது.

இப்போது சி. விண்டோஸ் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் கோட்டைச் சிவப்பாக்கும். உன் சி 100 ஜிபி, ஆகவே பத்து ஜிபிக்குக் கீழே வந்திருக்கிறது. எல்லைக்கோட்டை நகர்த்துவதற்கு முன் உள்ளே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திற. பெரிய அப்டேட் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தால் பழைய விண்டோஸ் முழுசாக அங்கே படுத்திருக்கும், அதை எடுத்துவிடலாம். ஆனால் அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் மட்டும் டிக் போட்டுவிடாதே, உன் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதும் போய்விடும்! ஹைபர்நேட் ஃபைல் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைப்பதற்கு) வேறு ரேமில் சுமார் 40 விழுக்காடு அளவுக்கு இடம் பிடிக்கும். நீ ஹைபர்நேட் செய்வதே இல்லை, அதை ஒரு வரிக் கட்டளையில் நிறுத்தலாம், பேசும்போது சொல்கிறேன். ஆன் ஆவது கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

அதற்கப்புறம் டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை டி-க்கு மாற்று. ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். முதலில் டி-யில் 'டவுன்லோட்ஸ்' என்றே ஒரு ஃபோல்டர் உண்டாக்கிவிட்டு அதைக் காட்டு. நேராக டி-யையே காட்டினாயோ, டி முழுவதும் டவுன்லோட்ஸ் ஆகிவிடும், திரும்ப எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதெல்லாம் செய்தால் சி தானாக நீலத்துக்குத் திரும்பும் என்பது என் கணக்கு. பார்ட்டிஷனைத் தொடவே வேண்டியிருக்காது.

அப்படியும் போதாது, எல்லையை நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திற. சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாக இருக்கும். சி-க்கு உடனே வலதுபக்கம் கருப்புப் பட்டையாக ஒதுக்கப்படாத இடம் இருந்தால்தான் அது உயிர்பெறும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலதுபக்கம்தான் விழும், சி-க்கு எட்டாது. ஆகவே டி-யில் உள்ளதை வெளியே நகலெடுத்து, டி-யையே அழித்து, சி-யை வளர்த்து, மிச்சத்தில் புது டி உண்டாக்க வேண்டும். இதிலும் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. சி-க்கும் டி-க்கும் நடுவே, விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் ரிக்கவரி என்று ஒரு சின்னப் பார்ட்டிஷன் குந்தியிருக்கலாம். (2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், அந்தச் சின்னதில் 250 எம்பி காலி இல்லை என்று பலருக்கு நிறுவாமலே திரும்பிப் போனது. அவ்வளவு ராங்கி அதற்கு.) இன்னொன்று, டி-யைச் சுற்றிப் பச்சைக் கட்டம் இருந்தால் அது எக்ஸ்டெண்டடுக்குள் இருக்கிறது. அழித்தாலும் அந்த இடம் கருப்பாகாது, வெளிர்பச்சையாகவே நிற்கும், சி-க்குக் கிடைக்காது. எங்காவது டைனமிக் டிஸ்க் என்ற வேறு வகையாக மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு.

ஜிபார்ட்டெட் மாதிரி கருவியில் டி-யை அப்படியே வலதுபக்கம் தள்ளலாம் என்று அண்ணன் சொல்வார். சொல்வது சரிதான். ஆனால் ஆரம்பத்தை நகர்த்தினால் அதில் இருக்கும் டேட்டா அத்தனையும் இடம் மாறவேண்டும், மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். யூபிஎஸ் இல்லாத உன் டெஸ்க்டாப்பில் நான் அதற்குச் சம்மதிக்கமாட்டேன். அவசரத்தில் அழித்துவிட்ட பார்ட்டிஷனை டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை வைத்து மீட்கலாம், பட்டியலில்தானே வரி போனது, டேட்டா அங்கேயே இருக்கும். பாதி நகர்த்திவிட்டு நின்றதற்கு அது உதவாது.

அதனால் வரிசை இதுதான், மாற்றாதே. முதலில் 'பத்திரம்' முழுவதையும் வெளியே வைக்கிற ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடு. எடுத்ததும் வயரைக் கழற்றிவிட்டு, அப்பாவின் முதல் ஃபைலை வேறு யார் லேப்டாப்பிலாவது போட்டுக் கேட்டுப் பார். பாடுகிறதா என்று பார்க்காத நகலை நான் நகல் என்றே சேர்த்துக்கொள்வதில்லை. அப்பா ஃபைல்களை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு எனக்கும் அனுப்பு, என் வீட்டில் ஒன்று இருக்கட்டும். அது வந்து சேரும்வரை சி சிவப்பாகவே இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கீழே இருக்கும் கலர் பட்டைகள் முழுசாகத் தெரியவேண்டும். எந்த டிரைவ் மேலாவது பூட்டுப் படம் இருந்தால் (பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு) அதையும் சொல், அதன் 48 இலக்கச் சாவி எங்கே என்று முதலில் தேட வேண்டியிருக்கும். அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. காட்டினாலும் கோட்டை பற்றி எழுதிய பத்தியை மடித்துவிட்டுக் காட்டு.

சனிக்கிழமை பிள்ளைகள் வெளியே போனதும் கூப்பிடு, டப்பா டீச்சர் பற்றி மீதியைப் பேசலாம்.

இப்படிக்கு,
நெட்டை